தட்டு வைத்துக் காத்திருங்கள்

‘இனிமே நான் பூசைக்கு வரலைம்மா. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை.’

வளர்ந்த பிள்ளை ஒருநாள் இப்படிச் சொன்னால் ஒரு கத்தோலிக்கத் தாய்க்கு எப்படி இருக்கும்? புதுநன்மை அன்று எடுத்த போட்டோ, தூங்கி வழிந்தபடியே சொன்ன ஜெபமாலை எல்லாம் ஞாபகத்துக்கு வரும். ‘எங்கே தப்பு பண்ணினேன்?’ என்று ராத்திரியெல்லாம் மனசு கேட்கும்.

எனக்குத் தெரிந்த சில வீடுகளில் இது நடந்திருக்கிறது. முதலில் சண்டை. பிறகு, போன் வந்தாலே ‘சர்ச்சுக்குப் போனியா?’ என்ற விசாரணை. கடைசியில் போன் வருவதே நின்றுபோகும்.

அந்த வீடுகளுக்காக மோனிக்காவைப் பற்றிச் சொல்கிறேன். 4-ம் நூற்றாண்டில், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே என்ற ஊரில் வாழ்ந்தவர். மகன் அகுஸ்தீன், படிக்கக் கார்த்தேஜுக்குப் போனார். கெட்டிக்காரர். 19 வயதில் அம்மாவின் நம்பிக்கையை விட்டு மானிக்கேய மதத்தில் சேர்ந்தார். கல்யாணம் செய்யாமலே ஒரு பெண்ணோடு வாழ்ந்தார், ஒரு மகனும் பிறந்தான்.

ஊர் திரும்பிய மகனோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட மோனிக்கா மறுத்துவிட்டார். நம் வீடுகளில் நடப்பதுதான், இல்லையா? ஆனால், ‘நீ நிற்கும் இடத்தில்தான் அவனும் நிற்கிறான்’ என்று உணர்த்துவது போல ஒரு கனவு கண்டார். பழையபடி மகனைச் சேர்த்துக்கொண்டார். கவனியுங்கள்... மகன் இன்னும் மாறவில்லை. அதற்குப் பிறகும் ஏறக்குறைய 9 வருடங்கள் மாறவில்லை. மாறியது அம்மாதான்!

ஓர் ஆயரிடம் போய், ‘என் பையன்கிட்ட கொஞ்சம் பேசுங்களேன்’ என்று கெஞ்சினார். அந்த ஆயரே சின்ன வயதில் மானிக்கேயர்களிடம் வளர்ந்து, யாரும் வாதாடாமலே தானாக வெளியே வந்தவர். ‘இப்போ பேசினா ஏறாது. விட்டுடுங்க. வேண்டிக்குங்க. படிச்சுப் படிச்சு அவனே புரிஞ்சுப்பான்’ என்கிற விதமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

383-ல் மகன் ரோமுக்குக் கப்பலேறக் கிளம்பினார். ‘போக விடாதே ஆண்டவரே’ என்று மோனிக்கா இரவெல்லாம் ஜெபித்தார். அந்த இரவிலேயே அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு மகன் கப்பலேறிவிட்டார். ஜெபம் தோற்றதா? அந்தப் பயணம்தான் அவரை மிலானில் ஆயர் அம்புரோசிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. முதலில் அவருடைய பேச்சு நடையை ரசிக்கத்தான் போனார். 387 ஈஸ்டரில் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றார். மகனைத் தேடிக் கடல் கடந்து வந்த மோனிக்கா அதைப் பார்த்தார். அதே வருடம் 56 வயதில் இறந்துபோனார்.

பி.காம். படித்தவன் நான். வருஷா வருஷம் ஐந்தொகை போட்டிருந்தால் மோனிக்காவின் கணக்கில் நஷ்டம்தான் வந்திருக்கும். ஜெபம் ரெக்கரிங் டெபாசிட் இல்லை. முதிர்வுத் தேதி எழுதி யாரும் ரசீது தருவதில்லை. எல்லா அகுஸ்தீனும் திரும்பி வருவார் என்று நானும் சொல்லமாட்டேன். வந்தாலும் அதைப் பார்க்க நீங்கள் இருப்பீர்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிறகு எதற்கு ஜெபம்? பிள்ளைக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிற அம்மாவால் அவனை வெறுக்க முடியாது. கதவைத் தாழ் போட முடியாது. அவன் திரும்பி வர நினைக்கும் நாளில், வீடு திறந்திருக்க வேண்டாமா?

அதனால் ஜெபமாலையை விடாதீர்கள். பிரசங்கத்தை மட்டும் நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தால் முதலில் சாப்பாடு போடுங்கள். ‘ஏன் நம்பிக்கை இல்லை?’ என்று கேட்பதானால், பதிலைக் கேட்கிற மனசோடு கேளுங்கள்.

ஆகஸ்ட் 28 புனித அகுஸ்தினார் திருவிழா. மே மாதத்தில் இருந்த மோனிக்காவின் திருவிழாவை 1969-ல் திருச்சபை ஆகஸ்ட் 27-க்கு மாற்றியது. மகனுக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்து காத்திருக்கிறார் அம்மா.