அளக்காமல் எழுதிய வேகம்

"அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி." உதவி ஆய்வாளராக இருந்த காலத்தில் இந்த வரியை எழுதாத விபத்து வழக்கு என் கையில் கிடையாது. விருத்தாசலத்தில் நான் விசாரித்த ஒரு வழக்கில், லாரியின் வேகத்துக்கு இந்த வரியைத் தவிர வேறு உறுதியான ஆதாரமே இல்லை. அதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான்.

லாரியில் அடிபட்டவர், பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து நடந்து வந்த பெண்மணி. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. கையில் பீங்கான் மண் காய்ந்து வெளுத்திருந்தது. ரோட்டில் டயர் தேய்ந்த தடம் கறுப்பாக, தெளிவாகத் தெரிந்தது. சம்பவ இடத்தைப் பதிவு செய்யும் பார்வை மகஜரில் சாலையின் அகலம், திசை, பக்கத்துக் கடை எல்லாம் எழுதினேன். தடத்தின் நீளத்தை எழுதவில்லை. அடிபட்ட இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்து கிடந்தார் என்றும் அளக்கவில்லை. டேப் ஜீப்பிலேயே கிடந்தது. போக்குவரத்து தேங்குகிறதென்று லாரியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டேன்.

வேகம் அந்த இரண்டு தூரத்தில்தான் இருந்தது. காய்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு 0.7 என்று கொண்டால், 15 மீட்டர் தேய்த்து நின்ற கார் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டரில் வந்திருக்கும். லாரிக்கு உராய்வு குறைவு, கணக்கும் இறங்கும். விழுந்த தூரத்துக்கும் 1983இல் சியர்ல் என்பவர் சூத்திரம் கொடுத்திருக்கிறார். அதே 0.7இல், 20 மீட்டருக்கு மணிக்கு ஏறக்குறைய 49 முதல் 60 கிலோமீட்டர் வரை வரும்.

நானோ டீக்கடை வாசலில் நின்றவரிடம், "எவ்வளவு வேகமா வந்து அடிச்சான்?" என்று கேட்டேன். "எண்பது இருக்கும் சார்" என்றார். கேள்வியின் சொல்லே பதிலை மாற்றிவிடும். 1974இல் அமெரிக்காவில் உளவியலாளர்கள் லோஃப்டஸும் பாமரும் ஒரே விபத்துப் படங்களைக் காட்டி, வண்டிகள் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று சிலரிடமும், 'தொட்டபோது' என்று சிலரிடமும் கேட்டார்கள். முதல் கேள்விக்குச் சராசரி 40 மைலைத் தாண்டியது. இரண்டாவதுக்கு 32ஐக்கூட எட்டவில்லை. அந்த எண்பதை அவர் வாயில் போட்டவன் நான்.

'அதிவேகம்' என்ற சொல் மட்டும் கவனக்குறைவை நிரூபிக்காது என்று கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998இலேயே சொல்லிவிட்டது. என் வழக்கிலும் லாரி ஓட்டுநர் விடுதலையானார். தீர்ப்பில் பிழையில்லை. அவர் நிஜமாகவே வேகமாக வந்தாரா, அந்த அம்மா திடீரென்று குறுக்கே வந்தாரா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இருவருக்குமே நான் அநியாயம் செய்தேன்.

இன்று பணியில் இருக்கும் தம்பி தங்கைகளே, வண்டியை நகர்த்தும் முன் இரண்டு தூரத்தையும் அளந்து மகஜரில் ஏற்றுங்கள். ஏபிஎஸ் பிரேக் உள்ள வண்டியில் தடம் சரியாக விழாது. அப்போது விழுந்த தூரத்தையாவது விடாதீர்கள்.