பாரம் எங்கே போகிறது

தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்த எனக்கே இது ரொம்ப நாள் உறைக்கவில்லை. கார்த்திகை தீபத் திருவிழாவின் 7ஆம் நாள், மாட வீதிகளில் 5 தேர் ஓடும். பிள்ளையார், முருகன், அண்ணாமலையார், பெண்கள் மட்டும் இழுக்கிற அம்மன் தேர், கடைசியில் சின்னப் பிள்ளைகள் இழுக்கிற சண்டிகேஸ்வரர் தேர். வடத்தைப் பிடிக்கிறவர்களுக்கு முன்னால் போகிறவர்களின் முதுகுதான் தெரியும். மாடியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கலசமும் தொம்பையும் தெரியும். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடியே நடக்கிற சிலரை யாரும் பார்ப்பதில்லை. தேரைத் திருப்புவது அவர்கள்தான்.

தேரின் அச்சு நேரானது. மாட்டு வண்டியை மாட்டின் மூக்கணாங்கயிறு திருப்பும், காரை முன்சக்கரம் திருப்பும். தேரின் சக்கரமோ நேராக உருள மட்டுமே தெரிந்த சக்கரம். அதைத் திருப்ப வேண்டுமென்றால் ஒரு பக்கச் சக்கரத்தின் முன்னால் சாய்வாகச் செதுக்கிய முட்டுக்கட்டையைக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் தடைபடும், மறுபக்கம் முன்னேறும், தேரின் முகம் ஒரு சாண் திரும்பும். உடனே கட்டையை உருவி அடுத்ததைக் கொடுக்க வேண்டும். ஒரு மூலை திரும்புவதற்குள் இப்படி எத்தனை முறை என்று யாரும் எண்ணுவதில்லை. முக்கியமான விஷயம், தேர் நகரும்போதுதான் இது நடக்கும். நிற்கிற தேரைக் கட்டையால் திருப்ப முடியாது.

என் தாய்மாமா கட்டை போடுகிறவர். பெரிய கோயில் தேருக்கு இல்லை, சுற்றுவட்டாரத்துக் கிராமத் தேர்களுக்கு. ஆடியிலும் பங்குனியிலும் அவரைத் தேடி ஆள் வரும். கூலி என்று பெரிதாக ஒன்றுமில்லை. வேட்டி, துண்டு, கொஞ்சம் பணம், முதல் மரியாதையில் ஒரு ஓரம். 20 வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமத் தேரில் அவருடைய இடது கால் விரல்கள் இரண்டு போய்விட்டன. அடுத்த வருஷமும் போனார்.

போன வருஷம் அவர் மகன், என் மச்சான், கட்டை போடப் போகிறேன் என்று கிளம்பினான். ஐடிஐ முடித்தவன், வயது 22. அத்தை எனக்குப் போன் செய்தார்.

"நீதான் படகுக்கெல்லாம் எண்ணெய்ல ஸ்டியரிங் மாட்டுறியாமே. வெரல வெச்சா திரும்புதுன்னு உங்க மாமா சொல்றாரு. தேருக்கும் அந்த மாதிரி ஒண்ணு மாட்டக் கூடாதா? எத்தன பேரு கால்தான் போவணும்?"

அந்த நேரத்தில் நான் உண்மையிலேயே அதைத்தான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

நான் டீசல் மெக்கானிக். ஈசிஆர் ஓரம் ஒரு ஷெட்டில் படகு எஞ்சின் வேலை. முட்டுக்காடு கழிமுகம் பக்கத்தில்தான். கடலே இல்லாத ஊரிலிருந்து வந்தவன் படகு பார்க்கிறானே என்று ஷெட்டில் கிண்டல் செய்வார்கள். சின்ன வயதில் நான் பார்த்த ஒரே மிதவை, தீபம் முடிந்ததும் ஐயங்குளத்தில் விடுகிற தெப்பம்தான். அதற்கும் எஞ்சின் கிடையாது.

அப்போது வந்திருந்தது ஒரு தனியார் விசைப்படகு. எஞ்சின் படகுக்குள்ளே இருக்கும், புரொப்பெல்லரும் கியரும் சேர்ந்த கால் மட்டும் பின்பலகைக்கு வெளியே தொங்கும். இதை அவுட்டிரைவ் என்பார்கள். ஜிம் வின் என்ற அமெரிக்கப் பொறியாளரின் யோசனையை ஸ்வீடனின் வால்வோ பென்டா நிறுவனம் 1959இல் அக்வாமேட்டிக் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு இரண்டே வழிதான். எஞ்சினை உள்ளே வைத்து, அடிப்பலகையைத் துளைத்து நீளத் தண்டு விட வேண்டும். இல்லையென்றால் மொத்த எஞ்சினையும் வெளியே மாட்ட வேண்டும். அவுட்டிரைவ் இரண்டுக்கும் நடுவில் வந்த சமரசம்.

இந்த வகைப் படகுக்குச் சுக்கான் கிடையாது. தண்ணீரைத் தள்ளுகிற காலே இடமும் வலமும் திரும்பும், தள்ளுகிற திசை மாறும், படகு திரும்பும். அதனால் எஞ்சின் தள்ளாதபோது வீலை எவ்வளவு சுற்றினாலும் பெரிய பலன் இருக்காது. இதைப் பயிற்சிக்கு வருகிற பையன்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தேர்தான் ஞாபகம் வரும். நகராததைத் திருப்ப முடியாது.

பழைய டிரைவ் உப்பில் அரித்துப் போயிருந்தது. அது அலுமினியம். அதற்குப் பதிலாகத் தான் அரிபடட்டும் என்று ஒரு உலோகக் கட்டியை மாட்டி வைப்பார்கள். அது கரைந்து தீர்ந்து பல மாதம் ஆகியிருக்கும், யாரும் மாற்றவில்லை. ஸ்டியரிங் பழைய கேபிள் வகை. குழாய்க்குள் துரு ஏறி, வீலைத் திருப்ப இரண்டு கையும் தோளும் வேண்டியிருந்தது.

புது டிரைவைப் பின்பலகையில் ஆறு நட்டுதான் பிடித்திருக்கும். அந்த ஆறையும் முடுக்க அரை மணி நேரம் போதும். அதற்கு முந்தைய வேலைக்குத்தான் இரண்டு நாள். டிரைவ் வந்து உட்காருகிற துளையும் எஞ்சினும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு நீளக் கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு விரலால் தள்ளினால் கம்பி உள்ளே போய்விட வேண்டும். இடித்துத் தள்ளினால்தான் போகிறது என்றால் எஞ்சினின் முன்காலை ஏற்றி இறக்கி, மறுபடியும் கம்பி விட வேண்டும். கோடு தப்பினால் பேரிங்கும் கப்ளரும் சீக்கிரம் போய்விடும்.

அடுத்தது பெல்லோஸ். ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய். எஞ்சினின் சுழற்சியை வெளியே இருக்கிற காலுக்குக் கொண்டுபோகிற யுனிவர்சல் ஜாயிண்ட் இதற்குள்தான் சுற்றும். டிரைவ் திரும்பும்போது இதுவும் வளையும். இதற்கு அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் படகின் உள்வயிறு. இதில் ஒரு விரிசல் விட்டால், கட்டிப் போட்ட இடத்திலேயே படகு ஓர் இரவில் மூழ்கலாம். படகின் விலையோடு ஒப்பிட்டால் இந்த ரப்பரின் விலை ஒன்றுமே இல்லை. "பழசே நல்லாத்தானே இருக்கு, துடைச்சு மாட்டிடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. நான் மாட்டுவதில்லை. வேலையை விட்டுவிட்டு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுவேன்.

கடைசியாக ஹைட்ராலிக் ஸ்டியரிங். வீலுக்குப் பின்னால் ஒரு சின்ன பம்ப், அங்கிருந்து இரண்டு ஹோஸ், பின்பக்கம் டிரைவைத் திருப்புகிற சிலிண்டர். உள்ளே முழுக்க எண்ணெய். 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதிதான், அடைத்து வைத்த திரவத்தில் கொடுக்கிற அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். 1795இல் ஜோசப் பிராமா அதை வைத்து ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். கணக்கு எளிது. ஒரு சதுர செண்டிமீட்டர் பிஸ்டனில் 10 கிலோ அழுத்தினால், 10 சதுர செண்டிமீட்டர் பிஸ்டன் 100 கிலோவைத் தள்ளும். ஆனால் சின்னது 10 செண்டிமீட்டர் போனால் பெரியது ஒரு செண்டிமீட்டர்தான் நகரும். பலத்தை வாங்கினால் தூரத்தைக் கொடுத்தாக வேண்டும், இதில் கடன் கிடையாது. அதனால்தான் வீல் லேசாகிவிட்டாலும் அதிகச் சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது.

எண்ணெய் ஊற்றிய பிறகு காற்றை எடுக்க வேண்டும். ஒருத்தர் வீலைச் சுற்ற, இன்னொருத்தர் சிலிண்டரில் நிப்பிளைத் திறந்து, குமிழி வருவது நிற்கும் வரை எண்ணெயை வெளியே விட வேண்டும். எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். உள்ளே கொஞ்சம் காற்று நின்றுவிட்டாலும் போதும், நாம் கொடுக்கிற பலத்தை அது விழுங்கிவிடும். வீல் பஞ்சு மாதிரி அமுங்கும், டிரைவ் அசையாது.

வேலை முடிந்து படகைக் கழிமுகத்தில் விட்டோம். டிரைவர் பல வருஷமாக அதே படகை ஓட்டுகிறவர். ஒரு விரலால் வீலைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தார். பத்து நிமிஷம் கழித்துச் சிரிப்பு குறைந்தது.

"நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா தண்ணி ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

அவர் சொன்னது சரி. ஹைட்ராலிக் பம்புக்குள் வால்வுகள் இருக்கின்றன. நாம் கொடுக்கிற விசை டிரைவுக்குப் போகும், டிரைவில் விழுகிற அடி நம் கைக்குத் திரும்பி வராது. பழைய கேபிளில் அலை, நீரோட்டம், புரொப்பெல்லரின் இழுப்பு எல்லாம் உள்ளங்கைக்கு வந்துகொண்டிருந்தன. அவருக்கு அது தோள்வலி, அதுவேதான் தகவலும். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துவிட முடியவில்லை.

அத்தைக்கு என்ன பதில் சொல்வது என்று அன்றைக்குத்தான் தெளிந்தது.

தேரில் எண்ணெய் ஏற்கெனவே வந்துவிட்டது. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை என்பார்கள். அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். நிறுத்துவதற்கு எண்ணெய் உண்டு, திருப்புவதற்கு இன்றும் முட்டுக்கட்டைதான். நேராகப் பூட்டிய அச்சை வைத்துக்கொண்டு ஸ்டியரிங் மட்டும் மாட்ட முடியாது. அச்சு திரும்ப வேண்டும், அதற்குத் தேரின் அடித்தட்டையே மாற்ற வேண்டும். முடியாத காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். செலவும் மனமும் இருந்தால் செய்யலாம்.

செய்ய வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். விரல் போவதில் எந்த மரபும் இல்லை. மாமா வலி தாங்கியதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் யாரும் அவருக்குச் செருப்பு வாங்கப் போனதில்லை. இரண்டு விரல் இல்லாத காலுக்கு எந்தச் செருப்பும் நிற்காது.

ஆனால் ஒன்று. பாரம் காணாமல் போவதில்லை, இடம்தான் மாறுகிறது. படகில் டிரைவரின் தோளிலிருந்து இறங்கிய பாரம் ஒரு ஹோஸின் மீது, ஒரு ஓரிங்கின் மீது ஏறி உட்கார்ந்திருக்கிறது. தேரின் பாரம் யார் காலடியில் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். "கட்டை, கட்டை" என்று கத்தும்போது எல்லோரும் ஒரு நிமிஷம் அங்கே பார்ப்பார்கள். ஹோஸுக்காக யாரும் கத்த மாட்டார்கள். வருஷம் ஒரு தடவை குனிந்து அதைத் தடவிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், அவனுக்கு ஒழுங்காகச் சம்பளம் வேண்டும். அந்த ஆளை வைக்காமல் எண்ணெயை மட்டும் கொண்டுவந்தால், கரைந்து தீர்ந்த அந்த உலோகக் கட்டியின் கதைதான்.

அத்தையிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "தேர மாத்துறது நம்ம கையில இல்லத்த. கட்டைய மாத்தலாம்" என்றேன்.

ஷெட்டில் கிடந்த இரும்புக் குழாயை வெட்டி, புளியங்கட்டை ஒன்றுக்கு நீளப் பிடி வைத்துக் கொடுத்தேன். பிடி வைத்த கட்டை புதிதில்லை, சில ஊர்களில் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்துச் சின்னத் தேர்களுக்குத்தான் அது இன்னும் வரவில்லை. மச்சான் இரண்டடி தள்ளி நின்றே கட்டை கொடுக்கலாம், கால் சக்கரத்துப் பக்கம் போகாது.

ஊருக்கு எடுத்துப்போய் மாமாவிடம் காட்டினேன். திண்ணையில் உட்கார்ந்தபடியே வாங்கி, ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். தரையில் இரண்டு தடவை தள்ளினார், உருவினார். பிடியின் நுனியை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"தேர் ஏறுறது இவ்ளோ தூரத்துல கைக்குத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும் மாமா. குழாய்தானே, அதிரும்."

"கனம் பூரா பிடியில கீது மாப்ள. மொனைக்கு மாத்திக் குடு. அப்பதான் அவனுக்குச் சேதி வரும்."

மச்சான் குழாயை அறுக்க ரம்பம் எடுக்கப் போனான்.