மீனுக்குக் கீழே குறி

மீனைப் பார்த்து எறிந்தால் மீன் கிடைக்காது, அதற்குக் கீழே எறிய வேண்டும் என்பார் என் தாத்தா. தொண்டிக் கடல் கரையோரம் ஆழமில்லாதது. இடுப்பளவு நீரில் நின்று ஈட்டியால் மீன் குத்துவது அவருக்குக் கைவந்த கலை. காரணம் எனக்கு விளங்கியது, சிஸ்டர் ஒளிவிலகல் பாடம் நடத்திய அன்றுதான். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. நேர் மேலிருந்து நோக்கினால் 1 மீட்டர் ஆழத்திலுள்ள மீன் 75 சென்டிமீட்டரில் இருப்பதாகத் தோன்றும். சாய்வாக நோக்கினால் இன்னும் மேலே தெரியும். ஆகவே எட்ட நிற்கும் மீனுக்குக் குறியை நன்றாகத் தாழ்த்த வேண்டும். காலடி மீனை நேரே குத்தலாம். பள்ளிக்கூடமே போகாத தாத்தாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் கையிலேயே இருக்கிறது!

படும் இடமும் முக்கியம். செவுளுக்குச் சற்றுப் பின்னே, தலையும் முதுகெலும்பும் சேருமிடத்தில் பட்டால் மீன் அக்கணமே அடங்கிவிடும். வயிற்றில் பட்டால் சதை கிழிந்து தப்பியோடும். நமக்கும் கிடைக்காது, அதுவும் பிழைக்காது. அதனால் கலங்கிய நீரில் தாத்தா ஈட்டியைத் தூக்குவதே இல்லை. கடற்புல்லில் அசைவது ஆமையாகவோ கடற்பசுவாகவோ இருந்துவிட்டால்? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் காக்கிறது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில்கூட வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார், பாட்டிதான் முணுமுணுப்பார்.

குறுந்தொகை 304-ஆம் பாட்டில், பரதவர் மூங்கிற்கழியில் பொருத்திய எறியுளியைக் கோட்டுமீன்மேல் எறிகிறார்கள். அவர்களும் கீழேதான் குறிவைத்திருப்பார்களா என்று தாத்தாவைக் கேட்டேன்.

"பெரிய மீனு மேல வரும் தாயி. முதுகு வெளிய தெரிஞ்சா அப்படியே எறிய வேண்டியதுதான்" என்றார்.