திறந்து கிடக்கும் தீன் மூட்டை

எம்மவர்கள் புறாவைப் பகையாகப் பார்ப்பதில்லை. மக்காவின் ஹரம் எல்லைக்குள் அதனை வேட்டையாடக் கூடாது என்பதைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பள்ளிவாசல் முகட்டில் கூடு கட்டினால் கலைக்க மனம் வராது. ஆனால் சிலாபத்துப் பக்கம் கோழி வளர்ப்பவர்களுக்குப் புறா வேறொரு பறவை.

என் மனைவியின் தம்பி தென்னந்தோட்டத்தில் முட்டைக்கோழி வளர்க்கிறார். காலையில் தொட்டியில் தீன் விழும் சத்தம் கேட்டதும் கூரையில் காத்திருக்கும் புறாக்கள் இறங்கிவிடும். ஒரு புறா நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் தின்னும். நூறு புறாக்களுக்கு மாதம் 90 கிலோ. கடனுக்குத் தீன் எடுப்பவருக்கு அது சிறிய கணக்கல்ல. தின்றதைவிட எச்சம் பொல்லாதது. தீனிலும் தண்ணீரிலும் விழும் எச்சத்தோடு ராணிக்கெட் நோயும் கோழிக்கு வரக்கூடும்.

"மச்சான், நெல்லுல நஞ்ச கலந்து வெச்சிர வேண்டியதுதான். பாவமில்லியா எண்டு மட்டும் கேக்காதீங்க. கடன்காரனுக்கு நான்தானே பதில் சொல்லணும்" என்றார்.

அவர் இரக்கமற்றவரல்ல. ஆகவே பாவத்தைப் பற்றி நான் பேசவில்லை. அந்த நெல்லை அயல்வீட்டுத் தாராவும் தின்னும் என்றேன். பிறகு சுவிற்சர்லாந்தின் பாஸல் நகரத்துக் கதையைச் சொன்னேன். அங்கே 1961 முதல் 1985 வரை சுமார் 1 இலட்சம் புறாக்களைப் பிடித்தும் சுட்டும் கொன்றார்கள். தொகை குறையவில்லை. செத்தவற்றின் இடத்தைக் குஞ்சுகள் நிரப்பின. 1988இல் வழியை மாற்றி, புறாவுக்குத் தீனி போடாதீர்கள் என்று மக்களிடம் பிரசாரம் செய்தார்கள். சுமார் நான்கு வருடங்களில் தொகை பாதியாகியது.

காரணம் எளிது. ஒரு சோடி ஒரு தடவையில் இரண்டு முட்டைகள் இடும். 18 நாள் அளவில் பொரிக்கும். தீன் குறையாத இடத்தில் வருடத்துக்கு ஐந்தாறு தடவை இது நடக்கும். எத்தனை புறா வாழலாம் என்பதைத் தீர்மானிப்பது எமது துப்பாக்கியல்ல, திறந்து கிடக்கும் தீன் மூட்டைதான்.

நஞ்சுக்கு வைத்திருந்த காசோடு இன்னும் கொஞ்சம் போட்டுக் கம்பி வலை வாங்கினார். 2 அங்குலக் கண்ணே புறாவைத் தடுக்கும். சிட்டுக்குருவியும் அதே தீனுக்கு வருவதால் முக்கால் அங்குலக் கண்ணாகத் தெரிவு செய்தோம். மூட்டைகள் மூடியுள்ள பீப்பாய்களுக்குப் போயின. புறா குந்தும் வளைகளின் மேல் சரிவாகப் பலகை அடித்தோம். காய்ந்த எச்சத்தின் தூசி நெஞ்சுக்கு ஆகாது; தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு சுரண்டினோம். ஈரானின் இஸ்பஹானில் இந்த எச்சத்துக்காகவே கோபுரங்கள் கட்டிப் புறாக்களைக் குடியேற்றினார்கள்; அது வெள்ளரிப்பழத் தோட்டங்களுக்கு உரமாகியது. இங்கே குப்பையோடு மக்கிய பின் தென்னைக்குப் போனது.

இரண்டு கிழமைகளில் கூரை வெறுமையாகியது. மச்சானுக்குப் பெரிய சந்தோசம். ஆனால் புறாக்கள் மறைந்துவிடவில்லை. பக்கத்து நெல் ஆலையின் முற்றத்தில் சிந்திக் கிடக்கும் நெல்லில் அவை இறங்கியிருந்தன. ஒருவர் கதவை மூடினால் பாரம் அடுத்தவர் தலையில் ஏறுகிறது. ஊராகச் சேர்ந்து செய்யாத வரை இது புறாவை இடம் மாற்றும் வேலைதான்.

மிஞ்சிய வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மச்சான் ஆலைக்காரரைப் பார்க்கப் போனார். முதலில் முற்றத்தைக் கூட்டச் சொல்லுங்கள் என்றேன் நான்.