பீட்டிலின் மூன்றாவது சிலிண்டர்

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஃபேன் காற்றும் சுமார் 2.5 லிட்டர் ஆயிலும்தான் இன்ஜின் சூட்டைத் தணிக்கின்றன. 1970 மாடல் வரை ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே நிமிர்ந்து நின்றது. அதைத் தொட்டுச் சூடேறிய காற்றுதான் மூன்றாவது சிலிண்டருக்குக் கிடைத்தது. பாவம், அடிவாங்கியதும் அதுதான்.

1971 மாடலில் கூலரைத் தள்ளி வைத்துத் தனிக் காற்றுவழி கொடுத்தார்கள்.

பழைய நிமிர்ந்த கூலரைக் கழற்ற நிறையப் பொறுமை வேண்டும். பெரும்பாலும் இன்ஜினையே இறக்கி, ஃபேன் கூட்டைத் தூக்கிய பிறகே கூலரில் கை வைக்க முடியும். பிடித்திருப்பவை மூன்றே நட்டுகள். அடியில் இரண்டு ரப்பர் சீல்கள். பல வருடச் சூட்டில் வெந்தவை நகம் பட்டாலே நொறுங்கும். அவற்றைத் திரும்பப் போடவே கூடாது. புதிய சீல்களை வாங்குமுன் ஆயில் துளை 8 மி.மீ.யா, 10 மி.மீ.யா என்று அளந்துவிட வேண்டும். பேரிங் போன இன்ஜினின் கூலர் என்றால் உள்ளே உலோகத்தூள் தங்கியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுசாகப் போகாது, மாற்றிவிட வேண்டியதுதான்.