“மிலிட்டரி ஸ்கூல்ல சேத்தி உட்ருவேன்!”

கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கம் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் வசனம் ஒன்று உண்டு. “சொன்ன பேச்சு கேக்கலீன்னா மிலிட்டரி ஸ்கூல்ல சேத்தி உட்ருவேன், பாத்துக்கோ!” செல்போனைக் கீழே வைக்காத பையன், கணக்கில் கோட்டை விட்ட பெண், தட்டில் பீர்க்கங்காயை ஒதுக்கும் வாண்டு என எல்லோருக்கும் இந்த ஒரே மருந்துதான். மிரட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒரு பள்ளியின் வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால், இந்தப் பள்ளிகள் முதன்முதலில் தண்டனைக்காக வந்தவை அல்ல. வீடில்லாமல் போன பிள்ளைகளுக்கு ஒரு வீடாக இருக்கட்டும் என்றே தொடங்கப்பட்டன.

1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவ ஆண் அநாதைகள் விடுதி ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. கிழக்கிந்திய கம்பெனிப் படையிலிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளுக்கானது அது. அதை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார். நம்மூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் ஒருநாள் பார்த்தார். உடனே தன் விடுதியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். ஆசிரியர்கள் தயங்கியபோது, எட்டு வயதுப் பையன் ஒருவனையே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை போலத்தான்!

பெல் இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகு 1797-ல் இதைப் புத்தகமாக எழுதினார். ‘சென்னை முறை’ என்று பெயர் பெற்ற இந்தப் பாடமுறையை இங்கிலாந்துத் திருச்சபையின் பள்ளிகள் பின்னாளில் ஏற்றுக்கொண்டன. 1794-ல் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கியபோது, இந்த விடுதிப் பையன்கள்தான் அதில் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். அந்தப் பள்ளியே வளர்ந்து இன்று கிண்டி பொறியியல் கல்லூரியாக நிற்கிறது.

பெருமைப்பட இவ்வளவு இருந்தாலும், இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ‘அநாதை’ என்று பெயர் இருந்தாலும் அந்தப் பையன்களில் பலருக்குத் தாய் உயிரோடு இருந்தாள். அவள் பெரும்பாலும் இந்த மண்ணின் பெண். அவளுடைய பழக்கவழக்கம் பிள்ளைக்கு ஒட்டிவிடக் கூடாது என்பதும் விடுதியின் நோக்கங்களில் ஒன்று. சோறும் துணியும் படிப்பும் கிடைத்தன. அதற்கு விலையாகத் தாயைப் பிரிய வேண்டியிருந்தது.

மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால், ஊட்டிக்கு முன்பே லவ்டேல் வரும். மலை ரயிலில் போனவர்கள் அந்தச் சின்ன ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். அங்கிருக்கும் லாரன்ஸ் பள்ளியின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. சமவெளிப் படைமுகாம்களில் வெயிலுக்கும் நோய்க்கும் சிப்பாய்களின் குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களைக் குளிர்ந்த மலைக்கு அனுப்பிப் படிக்க வைக்க வேண்டும் என்று ஹென்றி லாரன்ஸ் என்ற ராணுவ அதிகாரி நினைத்தார். முதல் பள்ளி 1847-ல் சிம்லா மலைப்பகுதியில், சனாவரில் வந்தது. 1857 கிளர்ச்சியின்போது லக்னோவில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே, 1858-ல், அவர் பெயரில் ஊட்டியில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது.

அதன் முதல் பெயர் ‘லாரன்ஸ் அசைலம்’. அசைலம் என்றால் புகலிடம். ராணுவக் கட்டுப்பாடும் கிறிஸ்தவ வழிபாடும்தான் அங்கே அன்றாட வாழ்க்கை. சீருடை, அணிவகுப்பு, ஜெபம் எல்லாம் மணி அடித்தபடி நடக்கும். அப்பா இறந்தோ, படையோடு எங்கோ போயோ இருக்கும் பிள்ளைக்கு நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. அடுத்த மணிக்கு என்ன நடக்கும் என்றாவது தெரியட்டுமே! அந்தக் கறாரான ஒழுங்கு இப்படி ஒரு ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. அதே வெள்ளைக்காரனின் படையில் உயிரைவிட்ட தமிழ்ச் சிப்பாயின் பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

பின்னாளில் அதன் பெயரிலேயே ‘ராயல் ராணுவப் பள்ளி’ என்று சேர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல் நிர்வாகம் இந்திய அரசின் கல்வி அமைச்சகத்துக்கு மாறியது. நம் பிள்ளைகளும் படிக்க வந்தார்கள். இன்று அங்கே மாணவர் இல்லங்களுக்கு ஆரவல்லி, நீலகிரி, சுமேரு, விந்தியா என்று மலைகளின் பெயர்கள். எழுத்தாளர் அருந்ததி ராய் படித்த பள்ளியும் இதுதான்.

கொங்கு வீடுகளில் ‘மிலிட்டரி ஸ்கூல்’ என்று மிரட்டும்போது மனதில் இருப்பது பெரும்பாலும் இன்னொன்று. அது உடுமலை தாண்டி, அமராவதி அணைக்குப் பக்கத்தில், 1962-ல் தொடங்கிய அமராவதிநகர் சைனிக் பள்ளி. இதற்கும் திருச்சபைக்கும் சம்பந்தமில்லை; இது அரசுப் பள்ளி. சாதாரண வீட்டுப் பிள்ளைகளும் ராணுவ அதிகாரியாக வேண்டும் என்பதற்காக, கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது உருவான திட்டம். ஆறாம் வகுப்பில் சேர அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு. இப்போது பெண் பிள்ளைகளும் சேரலாம்.

கருமத்தம்பட்டிப் பக்கம் கூலிக்கு நெசவு செய்யும் ஒரு குடும்பம். பையன் அந்தத் தேர்வில் தேறிவிட்டான். அப்பா தறியை நிறுத்திவிட்டு, கால் கிலோ மைசூர்பாகோடு வந்தார். பையன் அப்பத்தாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். இனிப்பைத் தொடவே இல்லை.

“ஏனுங்ப்பா, நா என்ன தப்புப் பண்ணுனனுங்க?”

அப்பாவுக்கு வாயடைத்துப் போயிற்று. அப்பத்தாதான் பேசினார். “நீதான தெனமும் அவனை அங்க சேத்தி உடறேன்னு மெரட்டுன? இப்ப முட்டாயிக் குடுத்தா அவனுக்கு என்னத்த வெளங்கும்?”

அன்று ராத்திரி அப்பா தறிக்குப் போகவில்லை. பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, விடியற்காலை ஓட்டம், சாயங்காலம் விளையாட்டு, தன் ஷூவுக்குத் தானே பாலிஷ் போடுவது, ஒரே அறையில் பல ஊர்ப் பிள்ளைகள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதையெல்லாம் சொன்னார். “புடிக்கலீன்னா சொல்லு கண்ணு, போக வேண்டாம்” என்றார். பையன் இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள், “நீச்சல் சொல்லித் தருவாங்ளா?” என்று கேட்டான்.

அந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. நம் பிள்ளைக்கு வீடு இருக்கிறது. அப்பா, அம்மா, அப்பத்தா இருக்கிறார்கள். இருந்தும் பத்துப் பதினோரு வயதில் அனுப்புகிறோம் என்றால், எதற்காக என்று அவனுக்கோ அவளுக்கோ புரிய வேண்டும். விரும்பிப் போகிற பிள்ளைக்கு அது வாய்ப்பு. துரத்தி விடப்பட்டதாக நினைக்கிற பிள்ளைக்கு அதே மணியும் அதே சீருடையும் சுமை.

ஆகவே, அந்த மிரட்டலை முதலில் நிறுத்துங்கள். உண்மையிலேயே சேர்க்கும் எண்ணம் இருந்தால் பள்ளியைப் பற்றி விசாரித்து, உள்ளதை உள்ளபடி பிள்ளையிடம் சொல்லுங்கள். அழுகையையும் தயக்கத்தையும் கோழைத்தனம் என்று சொல்லாதீர்கள்.

போன பிள்ளை முதல் விடுமுறைக்கு வரும்போது, “அங்க எந்திரிக்கற நேரத்துக்கு இங்கயும் எந்திரி” என்று போர்வையை இழுக்காதீர்கள். தூங்கட்டும். வீடு என்று ஒன்று இருப்பது அதற்கும்தானே!