முதலாண்டின் தடுமாற்றம்

கேழ்வரகு நாற்றை நாற்றங்காலிலிருந்து பிடுங்கி வயலில் நட்ட மறுநாள் பார்ப்பவர்க்கு, அப்பயிர் பிழைக்கும் என்ற நம்பிக்கை எளிதில் தோன்றாது. தலை சாய்ந்து, இலை மஞ்சளித்து, மண்ணோடு ஒட்டாமல் நிற்கும். உழவர் அதைக் கண்டு கலங்குவதில்லை. உயிர்த் தண்ணீர் விட்டுவிட்டுப் பயிர் பச்சை பிடிக்கும்வரை காத்திருப்பர். வேர் புதிய மண்ணை அறிந்துகொள்ளச் சில நாள் வேண்டும் என்பது அவர்கட்குத் தெரியும். ஏரியூரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும், பயிருக்குக் கொடுக்கும் இத்தவணையை நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பதில்லையே என்னும் எண்ணம், கல்லூரி ஆசிரியனாகப் பணியேற்ற பின்னரே என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

தமிழ்த்துறை ஆசிரியர்க்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. பகுதி ஒன்று தமிழைக் கற்பிப்பதால், வணிகவியல், கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் என எல்லாத் துறைகளின் முதலாண்டு மாணவரையும் நாங்கள் காண்கின்றோம். ஊரில் முதல் மாணவன் என்று பெயரெடுத்து வந்த பிள்ளை, முதல் பருவத்திலேயே இரண்டு மூன்று தாள்களில் தவறிவிட்டுக் கடைசி இருக்கையில் ஒடுங்கி அமர்வதையும் காண்கின்றோம். தேர்வு முடிவு வந்த சில நாள்களில் அவ்விருக்கை வெறுமையாகிவிடுவதும் உண்டு. அவ்வெற்றிடம் என்னை உறுத்தியதனால் எழுந்ததே இக்கட்டுரை.

பந்தேற்பவரின் முதலாண்டு

அமெரிக்காவில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தபோது, அந்நாட்டுக் கால்பந்தாட்டத்தைப் பற்றி என்னிடம் விரிவாக எடுத்துரைத்தார். பெயரளவில் கால்பந்தே ஒழிய, அது பெரும்பாலும் கையால் ஆடப்படும் ஆட்டம். அணிக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜம் முன்னேறியாக வேண்டும். குவார்ட்டர்பேக் எனப்படும் ஆட்டக்காரர் பந்தை எறிய, அகன்று நின்று ஓடிச்சென்று அதைப் பிடிப்பவர் வைட் ரிசீவர். நாம் அவரைப் பந்தேற்பவர் எனலாம்.

ஓடுவதும் பிடிப்பதும்தானே, இதில் என்ன கடினம் என்று நான் கேட்டேன். அவர் கூறிய விடை என்னைச் சிந்திக்க வைத்தது. பந்தேற்பவர் தம் விருப்பம்போல் ஓடுவதில்லை. இத்தனை அடி ஓடி, இந்தக் காலை ஊன்றி, இந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வகுக்கப்பட்ட பாதையில் ஓடுகிறார். அவர் திரும்புமுன்பே பந்து கையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. ஓரடி தவறினாலும் பந்து வேறிடத்தில் விழும். கல்லூரி அணியில் வேகம் ஒன்றினாலேயே வென்றவர், தொழில்முறை அணிக்கு வந்ததும் தம்மினும் வலியவர் கைகளால் தடுத்து ஓட்டத்தின் தொடக்கத்தையே குலைத்துவிடுவதைக் காண்கிறார். எதிரணியின் நிலையைப் பார்த்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதையை மாற்றவும் வேண்டும். எறிபவரின் உள்ளத்திலும் அதே மாற்றம் அதே நொடியில் தோன்ற வேண்டும். மனம் கணக்குப் போடத் தொடங்கியதும் கை தளர்ந்துவிடுகிறது. அதுவரை தவறவிடாதவர் நேரே வரும் பந்தையும் தவறவிடுகிறார்.

ஜெர்ரி ரைஸ் என்பவர் மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரில் கொத்தனாரின் மகனாகப் பிறந்தவர். உடன்பிறந்தார் எறியும் செங்கற்களைப் பிடித்துப் பழகிய கை அவருடையது. 1985ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ அணியில் சேர்ந்தபோது, அவர் பந்தைப் பலமுறை நழுவவிட்டார். சொந்த ஊர் இரசிகர்களே கூச்சலிட்டு இகழ்ந்தனர். ஆயினும் பயிற்சியாளர் பில் வால்ஷ் அவரை ஒதுக்கிவிடவில்லை. அவ்வாண்டு 49 பந்துகளைப் பிடித்த ரைஸ், மறு ஆண்டு 86 பந்துகளைப் பிடித்தார். ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 1,549 பந்துகள் இருந்தன. அவ்வாட்டத்தின் வரலாற்றிலேயே தலைசிறந்த பந்தேற்பவர் என இன்று பலராலும் போற்றப்படுபவர் அவரே. முதலாண்டோடு அவரைக் கணக்கு முடித்து அனுப்பியிருந்தால் இழப்பு யாருக்கு என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சின்னப்பம்பட்டி காட்டும் வழி

இதற்குக் கடல் கடந்து சான்று தேட வேண்டியதில்லை. ஏரியூரிலிருந்து தெற்கே மேச்சேரியைக் கடந்து சென்றால் எட்டிவிடும் தொலைவில், சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி இருக்கிறது. அவ்வூரில் 1991இல் பிறந்தவர் தங்கராசு நடராஜன். தந்தை நெசவுக் கூலித் தொழிலாளி. தாய் சாலையோரக் கடை வைத்துக் குடும்பத்தைக் காத்தவர். பிள்ளைகள் ஐவர்.

ஏறத்தாழ இருபது வயதுவரை நடராஜன் வீசியதெல்லாம் டென்னிஸ் பந்துதான். எங்கள் பக்கத்துச் சிற்றூர்களிலும் அறுவடை முடிந்த வயலில் பிள்ளைகள் ஆடுவது அந்தப் பந்தைக் கொண்டுதான். அதில் தையல் இல்லை, கனமும் இல்லை. குத்தி எழும்பும்படி வீசினால் மட்டையாளர் எல்லைக்கு அப்பால் அடித்துவிடுவார். ஆகவே, காலடியில் நேராகச் சென்று விழும் யார்க்கர் பந்தே வீசுபவர்க்குக் காப்பு. நடராஜனின் பெரும்படைக்கலம் இவ்வாறு வறுமையின் களத்தில் வடிக்கப்பட்டது. ஆனால் தோல்பந்தோ 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ளது. அதனை நாள் முழுவதும் வீசத் தோளும் முதுகும் வேறுவகையில் பழக வேண்டும்.

அவ்வூரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் என்னும் பயிற்சியாளர் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். நான்காம் பிரிவு லீக் ஆட்டத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 2015 ஜனவரியில் பெங்காலுக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தை ஆடினார். அந்த முதல் அடியிலேயே முள் தைத்தது. அவர் பந்து வீசும் முறை ஐயத்திற்குரியது என்று நடுவர்கள் அறிக்கை அளித்தனர். வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நீளக்கூடாது என்பது விதி. பல்லாண்டாக உடலில் ஊறிய அசைவை அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டிய நிலை. சுனில் சுப்பிரமணியம் முதலிய பயிற்சியாளர்கள் துணைநிற்க, ஏறத்தாழ ஓராண்டு போட்டிகளிலிருந்து விலகி அதனைச் செய்து முடித்தார்.

2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் அணிக்காக வீசிய யார்க்கர் பந்துகளால் அவர் பெயர் வெளியே தெரிந்தது. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 10 இலட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடி ரூபாய்க்குப் பஞ்சாப் அணி அவரை எடுத்தது. ஊர் கொண்டாடியது. ஆனால் அவ்வாண்டு அவர் ஆடியவை ஆறு ஆட்டங்கள். வீழ்த்தியவை இரண்டே விக்கெட்டுகள். விலை ஏறியபோது கொண்டாடிய நாக்குகளே, விக்கெட் விழாதபோது பழிக்கவும் செய்யும் என்பது உலகியல்பு. மறு ஆண்டு ஐதராபாத் அணி அவரை 40 இலட்சத்திற்கு எடுத்தது. 2018, 2019 ஆகிய இரண்டு பருவங்களிலும் அவர் ஓர் ஆட்டத்திலேனும் களமிறக்கப்படவில்லை.

என் கருத்தில், அவர் வாழ்வின் மிகச் சிறந்த பகுதி மாலை மரியாதை கிடைத்த நாள்களன்று. எவரும் பார்க்காத அந்த இரண்டு பருவங்களே. ஆட்டம் இல்லை, ஆனால் அன்றாடப் பயிற்சி இருந்தது. அவ்வணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்த முத்தையா முரளிதரன் தமிழில் பேசக்கூடியவர். தமிழ் மட்டுமே சரளமாக அறிந்த ஓர் இளைஞர்க்கு, தம் ஐயத்தைத் தம் மொழியிலேயே கேட்கும் வாய்ப்பு எத்துணைப் பெரிய ஆறுதல் என்பதை மொழியாசிரியனாகிய நான் நன்கு உணர்வேன்.

2020இல் ஐதராபாத்துக்காக 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகள் எடுத்தார். நவம்பர் 6ஆம் நாள் டி வில்லியர்ஸின் ஸ்டம்பைத் தகர்த்தது அதே சின்னப்பம்பட்டி யார்க்கர்தான். பிறகு, வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராக ஆஸ்திரேலியாவுக்குச் சென்றார். அங்கே டிசம்பர் 2இல் ஒருநாள் ஆட்டம், டிசம்பர் 4இல் இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டம் என, ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகையிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். அப்பயணத்தில் முரளி கார்த்திக் கேட்க, தொலைக்காட்சியில் அவர் தமிழிலேயே விடையளித்ததும் நினைவிருக்கலாம்.

அதன்பின் முழங்கால் அறுவைச் சிகிச்சையும் காயங்களும் குறுக்கிட்டன. அவர் வாழ்வு ஏறுமுகமாகவே சென்றது என்று கூறுவது உண்மையாகாது. ஆனால் 2023 ஜூனில் தம் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானத்தை அமைத்துத் திறந்தார். ஜெயப்பிரகாஷ் தமக்குக் கொடுத்ததை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் செயல் அது.

நம் வகுப்பறைகளில்

இவ்விருவர் வாழ்வும் ஒன்றையே உணர்த்துகின்றன. முதலாண்டில் நேரும் தடுமாற்றம் திறமையின்மையின் அடையாளமன்று. ஒரு களத்தில் விளைந்த திறமை, மற்றொரு களத்தின் விதிகளோடு பொருந்தப் பிடிக்கும் காலம் அது. தமிழ்வழியில் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் சிறந்த மதிப்பெண் பெற்றவன், கல்லூரியில் பொருளியலை ஆங்கிலத்தில் கேட்கும்போது, பொருளுக்கும் மொழிக்கும் ஒரே நேரத்தில் கணக்குப் போடுகிறான். பந்து நழுவுகிறது. வள்ளுவர் அவையஞ்சாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் என்றால், கற்றவர்க்கும் அவைமுன் தளர்ச்சி வரும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதே பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியைச் சேர்ந்த மாணவன் ஒருவன் முதல் பருவத்தில் ஆங்கிலத்திலும் மற்றொரு தாளிலும் தவறினான். மறுவாரமே அவன் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றதைப் பின்னரே அறிந்தேன். ஓராண்டு கழித்து ஏரியூர்ப் பேருந்து நிறுத்தத்தில் அவனைக் கண்டேன். பெங்களூரில் கட்டட வேலை என்றான். உழைத்து உண்பதில் இழுக்கு ஏதுமில்லை. ஆனால் அவன் தயங்கித் தயங்கி, "ஐயா, அந்தப் பேப்பரைத் திரும்ப எழுத முடியுமாங்க?" என்று கேட்டான். அக்கேள்விக்குப் பிறகு அந்தப் பேருந்து நிறுத்தத்தில் நெடுநேரம் நின்றிருந்தேன்.

அடுத்த ஆண்டு வேறொரு தந்தை துறைக்கே வந்தார். "சார், இவனுக்குப் படிப்பு வராதுங்க. டி.சி. குடுத்திடுங்க, வேலைக்கு அனுப்பிடறேன்" என்றார். "அண்ணே, நாற்று நட்ட மறுநாளே வயலை உழுதுவிடுவீர்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். ஒரு பருவம் தவணை கேட்டேன், கொடுத்தார். ஆங்கில ஆசிரியர் ஒருவர் வாரம் இரு மாலை அம்மாணவனுக்கென ஒதுக்கினார். ஒரு நாளைக்கு ஒரு பத்தி. அதனை வாய்விட்டுப் படித்தல், தமிழில் விளக்கிச் சொல்லுதல், மறுபடி ஆங்கிலத்தில் எழுதுதல். வேறு வித்தை ஒன்றும் இல்லை. மூன்றாம் பருவத்தில் நிலுவைத் தாள்கள் அனைத்தையும் முடித்தான். இன்று அவனும் ஓர் ஆசிரியன்.

மாணவச் செல்வங்களே! நழுவிய பந்தைப் பற்றியே எண்ணிக்கொண்டிருப்பவர் அடுத்த பந்தையும் நழுவவிடுவார். தவறிய தாளில் எந்தப் பகுதி புரியவில்லை என்று கண்டு, அதை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள். ஐயம் கேட்க ஆங்கிலம் வரவில்லையெனில் தமிழில் கேளுங்கள். எவரும் இழிவாக எண்ணார்.

ஆசிரியப் பெருமக்களே! முதல் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைக் கொண்டு ஒருவனுக்கு முத்திரை குத்திவிட வேண்டாம். களமிறக்கப்படாத இரண்டு பருவங்களிலும் நடராஜனோடு நின்றவர்கள் பயிற்சியாளர்களே. நம் வேலையும் அதுவே.

சமுதாயப் பெரியோர்களே! கட்டணம் கட்ட நீங்கள் செய்யும் உதவி பெரிது. அதனோடு காலத்தையும் சேர்த்துக் கொடுங்கள். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் வீட்டில் ஒரு பிள்ளை பேசாமல் அமர்ந்திருந்தால், மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதுமுன் அவனை அழைத்துக்கொண்டு கல்லூரிக்கு ஒருமுறை வாருங்கள். மாலை வரை நாங்கள் துறையில்தான் இருக்கின்றோம்.